தையல் ஆறிவிட்டது, தயக்கம் ஆறவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. 112 கிலோ இருந்தபோது எடை குறைய ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஏழு வாரம் ஆகிறது. வெளித்தையல் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கணவர் பக்கத்தில் வரவே பயப்படுகிறார், ‘உள்ளே ஏதாவது பிரிஞ்சிடும்’ என்கிறார். வயிற்றுத் தோல் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தால் எனக்கும் கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. எப்போது பழையபடி சேரலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: கேட்க வாய் வராததை எழுதியாவது கேட்டீர்களே, நல்லது. முதலில் உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் பெரும்பகுதியை நெடுக்காக வெட்டி எடுத்து, மீதியை ஸ்டேப்ளர் போட்டு மூடுகிறார்கள். அந்த இடத்தில் கசிவு வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். தாம்பத்யத்தால் அது இழுபட்டுப் பிரியாது. லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்து, சிக்கல் எதுவும் வராதவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்திலேயே அனுமதி கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே ‘சேரலாம்’ என்று கேட்க வையுங்கள். நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொன்னால் பயம் போய்விடும்.

வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது, அந்த இடம் சில நாள் சுருக்கென்று இழுக்கலாம். அதனால் அவர் எடை உங்கள் வயிற்றில் விழாதபடி இருவரும் ஒருக்களித்துப் படுப்பது ஆரம்பத்தில் சௌகரியம். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு மல்லாந்து படுத்தால் நெஞ்சு எரிச்சலும் எதுக்களிப்பும் வருவது அதிகம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, தலைக்கு இன்னொரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். வறட்சியாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிந்துவிடும்.

ஆணுறை என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். பேரியாட்ரிக் (எடை குறைப்பு) ஆபரேஷன் செய்த பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்காமல் இருப்பது நல்லது. எடை மளமளவென்று இறங்கும் காலம் அது, இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் எல்லாம் உங்கள் உடம்புக்கே பற்றாமல் இருக்கும், பிள்ளைக்கு எங்கே போவது? ஆனால் எடை குறையக் குறைய, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தவர்களுக்குக்கூட கருமுட்டை ஒழுங்காக வர ஆரம்பித்துவிடும். ‘எனக்குத்தான் இத்தனை வருஷமாக நிற்கவில்லையே’ என்று அசட்டையாக இருந்து, ஆபரேஷன் முடிந்த சில மாதத்தில் கர்ப்பமாகிவிட்டுப் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். வாந்தி வந்தால் கருத்தடை மாத்திரை சரியாகச் சேராது, எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு உறிஞ்சப்படுவதே குறையலாம். அதனால் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். காப்பர் டி நம்பகமானது, ஆனால் சிலருக்கு உதிரப்போக்கை அதிகமாக்கும். உங்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் பொருத்தமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். இதை முடிவு செய்யும் வரை ஆணுறை கட்டாயம்.

அப்புறம் அந்தத் தோல். ‘முழுசா இளைத்ததும் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். எடை இறங்குவதே ஒன்றரை வருஷம் வரை நீளும், இறங்கிய பிறகும் தோல் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும், அது வரை இருவரும் ஆளுக்கொரு மூலையில் படுப்பதா? ஒரு பருத்தி பனியனோ நைட்டியோ போட்டுக்கொண்டே சேர்வதிலும், விளக்கை அணைப்பதிலும் தப்பே இல்லை. மடிப்புகளில் ஈரம் தங்கிச் சிவந்து அரிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குளித்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். கூச்சமாக இருப்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் தள்ளி நிற்பது உங்கள் உடம்பு பிடிக்காமல் என்று நீங்களும், வலிக்குமோ என்று அவரும் மனசுக்குள் வைத்துப் புழுங்குவதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம்.

காய்ச்சல், துளையில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வயது 41. எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்து ஐந்து மாதம். ஆசை வருகிறது, விறைப்பு முழுசாக இல்லை. நண்பர் ஒரு மாத்திரை சொல்கிறார், வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்களாக வாங்காதீர்கள். எடை குறையும்போது டெஸ்டோஸ்டிரோன் கூடி, பலருக்கு இது தானாகவே தேறுகிறது, உங்களுக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் பிரஷர், சுகர் மாத்திரைகளின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இளைத்த பிறகும் பழைய டோஸையே போட்டால் தலைசுற்றலும் தளர்ச்சியும் வரும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உங்களுக்கு உண்டென்றால், விறைப்பு மாத்திரையோடு சேரும்போது ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். விறைப்புக் குறைவு சில சமயம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். அதனால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, இதயப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.