மேகம் மூடினாலும் பிசகாத புளியமரம்

கேள்வி: அடைமழை நாளிலும் எங்கள் தோட்டத்துப் புளியமரம் மாலையானதும் இலைகளை மடக்கிக்கொள்கிறதே, நேரம் எப்படித் தெரிகிறது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: வெளிச்சம் குறைவது மட்டுமே காரணமென்றால் நண்பகல் மேகத்துக்கே அது மடங்கியிருக்க வேண்டும், நீங்கள் கவனித்ததே பாதி விடை. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான், இருட்டில் வைத்த செடியின் இலைகளும் பகலில் விரிந்து இரவில் கூம்புவதைக் கண்டார். 1832-இல் தாவரவியலாளர் தெ கந்தோல், மாறாத வெளிச்சத்தில் வைத்த தொட்டாற்சிணுங்கியில் இச்சுற்று 22 முதல் 23 மணி நேரமாகச் சுருங்குவதைக் கண்டறிந்தார். வெளியுலகக் குறிப்பைப் பின்பற்றியிருந்தால் அது 24 மணி நேரமாகவே நின்றிருக்கும் என்பதால், கடிகாரம் செடிக்குள் இருப்பதற்கு இது வலுவான சான்று. உயிரணுவிலுள்ள சில மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் அம்மரபணுக்களையே அடக்குவதும், அப்புரதங்கள் சிதைந்தபின் வேலை மீண்டும் தொடங்குவதுமே அதன் இயக்கம். விடியல் வெளிச்சம் நாள்தோறும் அதன் முள்ளைத் திருத்திவைக்கிறது.