அப்பாவின் ஹெரால்டுக்கு 60,000 போதுமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை மூன்று வருடம் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறேன். மொத்தம் 6,20,000 ரூபாய் ஆனது. இதில் முதலில் அடித்த பெயிண்ட் குமிழி விட்டதால் மறுபடி அடித்த செலவும் சேர்த்தி. பில் எல்லாவற்றையும் டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் நாலரை லட்சத்துக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நோட்டீஸில் ஐடிவி, அதாவது வண்டிக்குக் கம்பெனி ஒப்புக்கொள்ளும் மதிப்பு, 60,000 என்று இருக்கிறது. ஏஜென்ட், "பழைய வண்டிதானே சார், பிரீமியம் குறையும்" என்கிறார். எவ்வளவுக்குப் போடலாம்? ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வெளியே எடுப்பேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 60,000-க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டி திருட்டுப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் ஐடிவி என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்துவிடுவார்கள். உங்கள் நோட்டீஸ்படி அந்த எல்லை 45,000 ரூபாய். இப்போது ஹெரால்டின் முன்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாய்ந்து திறக்கும். சிக்னலில் ஒரு வேன் லேசாக இடித்தாலே மொத்த முன்பக்கமும் டிங்கரிங்குக்குப் போகும். புதுசாக வாங்கி மாட்ட, வண்டலூர் பக்கம் ஹெரால்டைச் செய்த தொழிற்சாலை இப்போது இல்லை. எல்லாம் கைவேலை, பெயிண்டிங் வேறு. 45,000 அங்கேயே தாண்டிவிடலாம். அப்புறம் 60,000-ஐக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வண்டி உங்களிடமே இருக்க வேண்டுமென்றால், உடைந்த நிலையில் அதற்கு என்ன மதிப்போ அதைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும். சரிசெய்யக்கூடிய வண்டியைக் குறைந்த ஐடிவியால் இழப்பது இப்படித்தான்.

அதற்காக 6,20,000-க்கும் போட வேண்டாம். இரண்டாவது தடவை அடித்த பெயிண்டுக்கான காசு நீங்கள் பாடம் படித்த செலவு. வண்டியின் மதிப்பில் அது ஏறாது. அப்பா ஞாபகத்துக்கும் பிரீமியம் கட்ட முடியாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கே வண்டி போய்விட்டால், இதே நிலையில் இன்னொரு ஹெரால்டை வாங்க எவ்வளவு ஆகும்? நண்பர் சொன்னது வாங்குகிறவர் சொல்லும் முதல் விலை. எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். என் கணக்கில் ஐந்து லட்சம் நியாயம். அப்போது டோட்டல் லாஸ் எல்லை 3,75,000-க்குப் போய்விடும்.

இந்த எண்ணைக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. ஐந்து வயதுக்குள் உள்ள கார்களுக்குத்தான் தேய்மான அட்டவணை. அதைத் தாண்டியவற்றுக்கு நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வதே ஐடிவி. உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, பில் நகல்களையும் போட்டோக்களையும் சேர்த்து, பணம் கட்டுவதற்கு முன்பே கொடுங்கள். பாலிசியில் அந்த எண் அச்சாகி வர வேண்டும். ஏஜென்ட் போனில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் உதவாது. பாலிசியில் ஏறிவிட்டால், டோட்டல் லாஸுக்கு அந்த வருடம் முழுவதும் அதுதான் சந்தை மதிப்பு.

செலவு? எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே கட்டணம் இருந்த பழைய டாரிஃப் அட்டவணையில், 10 வயதைத் தாண்டிய, 1000 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கோவையில் சொந்தச் சேத பிரீமியம் ஐடிவியில் 3.267 சதவீதம். ஹெரால்ட் 948 சிசி. 60,000-க்கு 1,960 ரூபாய், ஐந்து லட்சத்துக்கு 16,335, ஜிஎஸ்டி தனி. இப்போது கம்பெனிகள் தாங்களே விலை வைப்பதால் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பேரம் பேசுங்கள். சின்னக் கீறல்களை எப்படியும் உங்கள் மெக்கானிக்கிடம்தான் காட்டுவீர்கள். அதனால் "கிளெய்மில் முதல் 15,000 வரை நானே ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து, அதற்கும் தள்ளுபடி கேளுங்கள்.

ஒரு கசப்பு: ஐடிவியை எவ்வளவு உயர்த்தினாலும், சின்ன விபத்தில் மாற்றும் உலோகப் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். 10 வயதைத் தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் 50 சதவீதம்.

'விண்டேஜ்' என்று போட்டால் சலுகை உண்டாமே என்று யாராவது சொல்வார்கள். பழைய டாரிஃப் விதியில் விண்டேஜ் என்றால் 1940-க்குள் செய்த கார்; உங்களுடையது அதில் வராது. 2021-இல் வந்த ஆர்டிஓ விதிப்படி 50 வயதானாலே விண்டேஜ் பதிவு கிடைக்கும், மூன்றாம் நபர் பிரீமியமும் (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்குக் கட்டுவது) பாதியாகும். 2022 கட்டணப்படி அந்த லாபம் 1,047 ரூபாய். ஆனால் பதிவுக் கட்டணமே 20,000. தவிர, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சில வேலைகளுக்கு மட்டும்தான் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அதில் இல்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

அப்புறம், அந்த பில்களை இன்றைக்கே டேஷ்போர்டிலிருந்து எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். வண்டி திருட்டுப் போனால் அவையும் கூடவே போய்விடும்.