எந்த பிரட் யாருக்கு ஒத்துக்கொள்ளும்?

மும்பைத் தமிழர்களின் கேள்விகளுக்கு ஓர் உணவியல் ஆலோசகரின் பதில்கள்

செம்பூர் வாசகி: பாவ் சாப்பிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. சோர்டோ பிரட் ஒன்றும் செய்வதில்லை. இரண்டும் கோதுமைதானே அம்மா?

கோதுமைதான், ஆனால் மாவு புளிக்கும் நேரம் வேறு. கோதுமையில் குளூட்டன் என்ற புரதத்தோடு ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் இருக்கிறது. இது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவை உண்டாக்குகிறது. ஈஸ்ட் சேர்த்து விரைவில் பொங்கவைக்கும் பாவில் ஃப்ரக்டான் குறைய நேரமில்லை. முன்பே புளித்த மாவைச் சேர்த்து இரவு முழுதும் புளிக்கவைக்கும் சோர்டோவிலோ நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. குளூட்டன் தங்களுக்கு ஆகாது என்று நம்பிய 59 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், குளூட்டனைவிட ஃப்ரக்டானே அதிகத் தொல்லை தந்தது. ஈஸ்ட்டும் வினிகரும் சேர்த்துச் செய்ததையும் சோர்டோ என்று விற்பதுண்டு. எத்தனை மணி நேரம் புளிக்கவைத்தார்கள் என்று பேக்கரியில் கேட்டு வாங்குங்கள்.

சயான் வாசகர்: என் தங்கை மகளுக்குச் சீலியாக் நோய். அவளுக்கும் சோர்டோ தரலாமா?

கூடாது. சீலியாக் என்பது குளூட்டனைக் கண்டதும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கும் நோய். வயிறு வலிக்காத நாளிலும் உள்ளே சேதம் நடக்கலாம். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. கோதுமை சோர்டோவில் அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

முலுண்ட் வாசகி: கப்லி என்ற பழைய கோதுமை வகை பாதுகாப்பானதா?

சீலியாக் உள்ளவர்களுக்கு இல்லை. அதிலும் குளூட்டன் உண்டு.

மாட்டுங்கா வாசகர்: கோதுமையை நிறுத்திய பிறகு உடல் நன்றாயிருக்கிறது. இனி சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை எதற்கு?

நிறுத்துவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய பரிசோதனை இது. கோதுமையை விட்டால், பரிசோதனையில் தேடும் நோய் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் படிப்படியாகக் குறைந்து, சீலியாக் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். வெறும் ஃப்ரக்டான் தொல்லையென்றால் சில பிரட்டுகளை அளவாகச் சாப்பிடலாம். சீலியாக் என்றால் துணுக்குகூட வாழ்நாள் முழுவதும் ஆகாது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஊகத்தில் விடாதீர்கள்; மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் காலம்வரை கோதுமை சாப்பிட்டபின் பரிசோதியுங்கள்.

தாராவி வாசகி: சோள மாவு ரொட்டியான பாக்ரி சாப்பிடலாமா?

மிக நல்லது. சீலியாக் உள்ளவர் வீட்டில் மட்டும், கோதுமை அரைக்கும் அதே சக்கியில் (மாவு மில்லில்) சோளத்தை அரைக்காதீர்கள். சாம்பாருக்கு வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்.