உளவுப் பட்டாலியனும் ஒரு துண்டுச் சீட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படைக்குப் புலனாய்வுக்கென்றே ஒரு பட்டாலியன் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். பட்டாலியன் என்றால் பல நூறு பேர். அத்தனை பேருமா ஒற்றர்கள்? இவ்வளவு பேர் இருந்தும், 1968இல் வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி எதிரி நடத்திய டெட் தாக்குதலை எப்படிக் கோட்டைவிட்டார்கள்?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

ஒற்று வேலை அங்கே சிறு பகுதிதான். நான் குறிப்பிட்டது 519ஆவது ராணுவப் புலனாய்வுப் பட்டாலியனை. 1948இல் சிறு பிரிவாகத் தொடங்கி, 1965இல் வியட்நாம் போய்ச் சேர்ந்தது. அதன் ஆட்கள் தென் வியட்நாம் ராணுவத்தோடு சேர்ந்து நடத்திய கூட்டு மையங்களில் வேலை பார்த்தார்கள். கைதிகளை விசாரிக்க ஒன்று, பிடிபட்ட ஆயுதங்களை ஆராய ஒன்று, கைப்பற்றிய காகிதங்களுக்கு ஒன்று, எல்லாவற்றையும் கோத்துப் பார்க்க ஒன்று. (கைதி விசாரணையின் இருண்ட பக்கத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 2002இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் இரண்டு கைதிகள் இறந்த வழக்கில் இதே பட்டாலியனைச் சேர்ந்த சிலர் தண்டனை பெற்றார்கள்.)

உங்கள் கேள்விக்கு விடை காகிதங்களில் இருக்கிறது. அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையான வியட்காங் எல்லாவற்றையும் எழுதிவைத்தது. 1967 ஜனவரியில் தென் வியட்நாமின் தலைநகரான சைகோனுக்கு வடக்கே நடந்த ‘சீடர் ஃபால்ஸ்’ என்ற ராணுவ நடவடிக்கையில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பக்கங்கள் சிக்கின. அரிசிக் கணக்கைக்கூட அலட்சியப்படுத்த முடியாது. ஒரு பிரிவு 7 நாளைக்கு 2,100 கிலோ வாங்கியிருக்கிறது, ஆளுக்கு நாளொன்றுக்கு 750 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 400 பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் எந்த இடத்து 400 பேர், என்றைக்கு? அதைச் சொல்வது காகிதமல்ல, அதோடு கட்டி அனுப்பும் சீட்டு. கைப்பற்றிய நாள், நேரம், வரைபடக் கட்ட எண், கைப்பற்றிய பிரிவு, எந்தச் சூழலில் கிடைத்தது, கைதியிடம் எடுத்ததென்றால் அவருடைய எண். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று கைதிகளின் பைகளை ஒரே சாக்கில் கொட்டிவிடுவார்கள். நனைந்த தாள்களை அப்படியே கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நாட்குறிப்பை ஒரு சிப்பாய் ஞாபகார்த்தமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். மூலத்தாளின் மேலேயே பேனாவால் குறிப்பு எழுதுவது இன்னொரு கேடு. எது எதிரி எழுதியது, எது நம்மவர் எழுதியது என்று பிறகு தெரியாது.

மையத்துக்கு வந்ததும் முதல் வேலை பிரிப்பது. உடனடித் தாக்குதல் பற்றிய செய்தி என்றால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுக் களத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கேதக் குறியீட்டுத் தாள்கள் சமிக்ஞைப் பிரிவுக்குப் போகும். மற்றவற்றுக்கு வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர்கள் சுருக்கம் எழுதுவார்கள். முழு மொழிபெயர்ப்பு சிலவற்றுக்கு மட்டும்தான். கடைசியில் பெயர், இடம், படைப்பிரிவு வாரியாகக் குறித்து மைக்ரோஃபிலிமில் ஏற்றுவார்கள்.

இனி டெட். 1967 நவம்பரில் குவாங் தின் மாகாணத்தில் கிடைத்த ஒரு குறிப்பு, நகரங்களைத் தாக்கவும் தலைநகரை நோக்கி நகரவும் சொன்னது. 1968 ஜனவரி 5 அன்று அமெரிக்கத் தரப்பே அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. தாக்குதல் ஜனவரி 30, 31 இரவுகளில் தொடங்கியது. ஆகவே காகிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதில் தாக்கும் நாள் இல்லை. அதைவிட, இத்தனை நகரங்களை ஒரே சமயத்தில் தாக்கும் வலு எதிரிக்கு இல்லை என்று மேலிடம் முன்பே முடிவுகட்டியிருந்தது. அதனால் அந்தக் குறிப்பு, தொண்டர்களை உற்சாகப்படுத்த எழுதிய பிரச்சாரம் போலப் பட்டது. என் பார்வையில் பட்டாலியன் தன் வேலையைச் செய்திருந்தது. தவறியது அதைப் படித்தவர்களின் மதிப்பீடு.