வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லும் முன்: உயிர்ப்புள்ளியியல் முனைவர் படிப்பு பற்றி ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் நீங்களும் உங்கள் துணைவியாரும் மகளும் என் அறைக்கு வந்திருந்தபோது, பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தீர்கள். ஒன்று, அமெரிக்காவில் டேட்டா சயின்ஸ் முதுநிலைப் படிப்புக்கு ஏஜென்ட் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு. இன்னொன்று, வீட்டுப் பத்திரத்தின் நகல். மூன்றாவது, உங்கள் மகளின் எம்.எஸ்சி. புள்ளியியல் மதிப்பெண் பட்டியல். "இவள் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் பி.எச்டி. செய்யப் போகிறேன் என்கிறாள். அதைப் படித்து என்ன ஆவாள்?" என்று கேட்டீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திட்டமிடவும் அவற்றின் தரவை அலசவும் பயன்படும் புள்ளியியலான உயிர்ப்புள்ளியியலைத்தான் அவர் சொல்கிறார். அன்று நேரம் குறைவாக இருந்ததால், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று அன்று மாலையே எனக்குத் தோன்றிவிட்டது. இதே கேள்வியோடு வரும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்று, உங்கள் ஒப்புதலோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செலவுக் கணக்கு. இரண்டு ஆண்டுக்கு 50 லட்சம் என்று அதில் இருந்தது. வீட்டை ஈடு வைத்து 11 விழுக்காடு வட்டிக்கு அந்தத் தொகையை வாங்கி 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால், மாதத் தவணை ஏறத்தாழ 68,900 ரூபாய். கட்டி முடிக்கும்போது 82 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறிக்கொண்டே போகும் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. உங்களுக்குப் பணி ஓய்வுக்கு ஏழு ஆண்டுகள் இருக்கின்றன என்றீர்கள். ஆகவே இந்தக் கடனை அடைக்கப் போவது உங்கள் சம்பளம் அன்று. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை கிடைத்து, விசா குலுக்கலிலும் பெயர் வந்து, தொடர்ந்து பத்தாண்டுகள் டாலரில் சம்பளம் வரும் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையின்மேல் குடியிருக்கும் வீட்டை வைக்கலாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் மைத்துனர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் போன காலம் வேறு, போன துறை வேறு, தவணை கட்டப் போகிறவரும் அவர் இல்லை.

அவர் அறியாமல் இருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே அமெரிக்காவில் உயிர்ப்புள்ளியியலில் முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவர்தான் பணம் கட்ட வேண்டும். முனைவர் படிப்புக்கோ, நல்ல துறைகளில், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் செலவுக்கும் பணம் தருகிறார்கள். நீங்கள் பணம் கொட்டத் துணிந்த படிப்பு ஒரு பக்கம், பணம் கொடுத்து அழைக்கக்கூடிய படிப்பு மறுபக்கம். உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை.

அடுத்தது அவருடைய நாட்டம். அதை நான் மதிப்பெண் பட்டியலில் பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் ரசீது வாங்க வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில் அவரிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு நோயில் வழக்கமான மருந்தால் நூற்றுக்கு 30 பேர் குணமாகிறார்கள். புதிய மருந்து அதை 40 ஆக உயர்த்தும் என்கிறார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பழைய மருந்தும் மற்றதற்குப் புதியதும் கொடுத்து அதைச் சோதித்துப் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? அவர் கைக்கு எட்டிய தாளைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எழுதத் தொடங்கினார். அது ஏஜென்டின் செலவுக் கணக்கு. பிரிவுக்கு ஏறத்தாழ 355 பேர் என்று விடை வந்தது. நான் கேட்காமலேயே, உயர்வு 10 இல்லாமல் 5 மட்டும் என்றால் என்ன ஆகும் என்று தொடர்ந்து போட்டுப் பார்த்தார். பிரிவுக்கு 1,375 பேர் அளவில் வந்தது; வேறுபாடு பாதியானால் ஆட்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதுவரை நல்ல மாணவர் எவரும் செய்யக்கூடியதுதான். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு வராமல் போகிறவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது, சார்?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியைச் சுற்றி மருத்துவப் புள்ளியியலில் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. முப்பது நாள் பயிற்சி வகுப்பில் ஊட்டிவிட முடியாத கேள்வி அது. தாளில் இருப்பது எண். அந்த எண்ணுக்குப் பின்னால் வராமல் போன ஒரு நோயாளி இருக்கிறார் என்பது உங்கள் மகளுக்குத் தானாகவே தெரிகிறது.

"இது டாக்டருக்குப் படிப்பதும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை" என்று உங்கள் அக்கா சொன்னதாகச் சொன்னீர்கள். இந்தத் துறை என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், சென்னையே சாட்சி. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில், காசநோய் வந்தவரை வீட்டிலிருந்து பிரித்து மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைப்பதே முறையான சிகிச்சை என்று உலகம் நம்பியது. நம் நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நகரின் நெருக்கமான, ஏழ்மையான வீடுகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போல, வாய்ப்பு முறையில் முடிவு செய்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடும் ஓய்வும் குறைவாகப் பெற்றும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்பதை உலகம் ஏற்கும் வழியைத் திறந்தது. மருத்துவர் ஒருவரின் தனி அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் இதை மெய்ப்பித்திருக்க முடியாது. யாரை எப்படிப் பிரிப்பது, எத்தனை பேர் வேண்டும், எதை அளப்பது, எதை ஒப்பிடுவது என்று திட்டமிட்டது புள்ளியியல்.

அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது; 1999இல் அது உருவானபோது, சென்னையில் இயங்கிய மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் இணைக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியலுக்கென்றே தனித்துறை உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் உண்டு. சொந்த ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய இந்த இடங்களை விட்டுவிட்டு, நம் வீடுகளில் எல்லோரும் விமான நிலையத்தைப் பற்றியே பேசுகிறோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் போகிறது.

எம்.எஸ்சி. முடிந்ததும் முதல் ஓராண்டு அவர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் திட்டப் பணியாளராகச் சேரட்டும். இவை ஒப்பந்தப் பணிகள். அறிவிப்பு அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வரும், சம்பளம் பெரிதாக இருக்காது. அங்கே அவர் செய்யப் போகும் முதல் வேலை கணித மாதிரிகளும் சூத்திரங்களும் இல்லை, தரவைச் சுத்தம் செய்வது. ஒரே நோயாளியின் வயது ஒரு படிவத்தில் 40 என்றும் அடுத்ததில் 4 என்றும் இருக்கும். மருந்து தொடங்கிய தேதிக்கு முன்பே குணமான தேதி பதிவாகியிருக்கும். களப்பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து, மூலப் படிவத்தைத் தேடி எடுத்து, திருத்தியதற்குக் காரணம் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் இதைச் செய்தும் அலுக்கவில்லை என்றால் முனைவர் ஆய்வுக்குத் தயார் என்று பொருள். அலுத்துவிட்டால் அதை அப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஓராண்டு அனுபவம் கையில் இருக்கும், கடன் இருக்காது. வேலைக்குத் தேவையான ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லட்ச ரூபாய் சான்றிதழ் வகுப்பில் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள்.

அந்த ஓராண்டிலேயே, முனைவர் ஆய்வுக்கு அரசு உதவித்தொகை பெறுவதற்கான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வுக்கும் படிக்க வேண்டும். புள்ளியியலுக்கு அங்கே தனித்தாள் கிடையாது. கணித அறிவியல் தாளுக்குள்தான் இருக்கிறது என்பதால் புள்ளியியல் மாணவர் பலர் பயந்து விலகிவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. மூன்றாம் பகுதியில் 60 கேள்விகளில் 20க்கு விடையளித்தால் போதும், கேள்விக்கு 4.75 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவும் இல்லை; நிகழ்தகவும் புள்ளியியலும் அந்தப் பகுதியில் நிறையவே வரும். உங்கள் மகள் மெய்ப்பகுப்பாய்வையும் நேரியல் இயற்கணிதத்தையும் திரும்பப் படித்தாக வேண்டும்; மதிப்பெண் பட்டியலில் அந்த இரண்டும்தான் கொஞ்சம் தாழ்ந்திருக்கின்றன. எங்கே முனைவர் படிப்புக்குப் போனாலும் அவை தேவைப்படும் என்பதால் இந்த உழைப்பு வீணாகாது.

அந்தத் தேர்வின் வழியே ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். 2023ஆம் ஆண்டிலிருந்து இதுவே விகிதம். ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் 24 லட்சம், விடுதி இல்லாத இடத்தில் வீட்டு வாடகைப்படி தனி. ஒரு பக்கம் 82 லட்சம் போகிறது, மறுபக்கம் 24 லட்சம் வருகிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். இந்தப் படிப்பில் உங்கள் பங்கு அவ்வளவுதான்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரின் பெயர் முக்கியம் என்பதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் எட்டு ஆய்வாளர்கள் வரை, இணைப் பேராசிரியர் ஆறு பேர் வரை, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் சேருமுன் அந்த நெறியாளரிடம் படித்து முடித்த ஒருவரையும், இப்போது படிக்கும் ஒருவரையும் நேரில் சந்தித்துப் பேச வேண்டும். ஆய்வுக்கான தரவு கையில் இருக்கிறதா, இனிமேல்தான் திரட்ட வேண்டுமா, மனிதர்கள் மீதான ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா, முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். தரவு இனிமேல்தான் வரும் என்றால் ஐந்து ஆண்டு ஏழாகிவிடும். ஆய்வேட்டை எழுதிக் கொடுக்கிறோம், கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களும் வருவார்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அப்படி வாங்கிய பட்டம் பின்னாளில் வேலையையும் சேர்த்துப் பறித்துக்கொள்ளும்.

பிறகு என்ன ஆவார் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாதச் சம்பளம் மட்டும்தான் நோக்கம் என்றால் பி.எச்டி. தேவையே இல்லை, மருந்துச் சோதனை நிறுவனங்கள் எம்.எஸ்சி. படித்தவர்களையே, தரவை அலசும் சாஸ் (SAS) மென்பொருள் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன, அது கௌரவமான வேலையும்கூட. ஓர் ஆய்வைத் தானே வடிவமைக்கவும், மருத்துவர்களோடு சமமாக அமர்ந்து இந்தச் சோதனையை இப்படி நடத்தக் கூடாது என்று சொல்லவும், கற்பிக்கவும் விரும்புகிறவருக்கே முனைவர் பட்டம். மருத்துவக் கல்லூரிகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் ஆகியவற்றில் இடம் உண்டு. நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகளும் நிதானமாகத்தான் வரும். ஆனால் 2009 முதல் இந்தியாவில் மருந்துச் சோதனை எதுவானாலும் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். பதியும்போதே எத்தனை பேர், எந்த முறையில் பிரிப்பு, முதன்மையாக எதை அளப்பது என்று எழுதித் தர வேண்டும். இந்தத் தகவல்களைப் பொறுப்போடு எழுதத் தெரிந்தவருக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

வெளிநாடு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் முனைவர் ஆய்வாளர் சம்பளம் பெறும் பணியாளராகவே சேர்கிறார். அமெரிக்காவில் இடம் கிடைத்தால் உதவித்தொகையுடன் கூடிய அழைப்பை ஏற்கப் பொதுவாக ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகிறார்கள். எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வந்தால் மட்டும் போகட்டும். அங்கே 2025இல் ஆராய்ச்சி நிதி குறைக்கப்பட்டுப் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைச் சுருக்கிவிட்டதால், இங்கேயே முனைவர் பட்டம் முடித்து, அதற்குப் பிந்தைய மேலாய்வுக்கு (போஸ்ட்டாக்) வெளிநாடு போவதுதான் இப்போதைக்குத் தெளிவான வழி என்பது என் கருத்து.

திருமணம் பற்றித் தங்கள் துணைவியார் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார். படிப்பு முடியும்வரை திருமணம் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதே 2022 விதிகளில் பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுக் கால அவகாசமும், 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. வரன் பார்க்கும்போது இந்தப் படிப்பைப் பற்றி முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்கும் வீடு நம் பெண்ணுக்கு ஏற்ற வீடாக இருக்காது. எப்போது, யாரை என்பதை உங்கள் மகளைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அக்காவையோ மைத்துனரையோ கேட்டு அன்று.

இந்த மாதம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மகளை வேலூருக்கும் அயப்பாக்கத்துக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று, அங்கே ஆய்வு செய்யும் இரண்டு பேரோடு தனியாகப் பேசவிடுங்கள். அடுத்த முறை அவர் மட்டும் என்னைப் பார்க்க வந்தால் போதும். வரும்போது அந்தச் செலவுக் கணக்குத் தாளை எடுத்து வரச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் அவர் போட்ட கணக்கில், வராமல் போன நோயாளிகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.