800 மீட்டர் தூரத்துல இருக்கிற ஸ்கூலுக்கு பொண்ணை நடந்து அனுப்பலாமா, எப்படி பழக்குறது?

பொண்ணு மூணாவது படிக்கிறா, ஸ்கூல் 800 மீட்டர் தான், ஆனாலும் தினமும் பைக்ல தான் விடுறோம், நடந்து போகட்டும்னு சொன்னா மாமியார் பயப்படுறாங்க, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க.

தாராளமா நடக்க வைக்கலாம். ஆனா மூணாவது படிக்கிற குழந்தைய தனியா விடாதீங்க, கூட ஒரு பெரியவங்க போகணும், அது நீங்களாவே இருக்கணும்னு அவசியம் இல்ல. நான் இருக்கிறது சென்னை மடிப்பாக்கம், என் பொண்ணு இப்ப அஞ்சாவது, ரெண்டு வருஷமா நடந்து தான் போறா, அதுல பார்த்தது கத்துக்கிட்டது எல்லாம் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல உங்க மாமியார் பயத்துக்கு. அவங்க பயப்படுறது நியாயம் தான், நம்ம ரோடு அப்படி. ஆனா பைக்ல போறது பத்திரம், நடந்தா ஆபத்துன்னு நினைக்கிறாங்க பாருங்க, அது சரியான்னு அவங்ககிட்டயே கேளுங்க. காலைல எட்டேகாலுக்கு முன்னாடி டேங்க் மேல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல பை, ஒரு குழந்தை தலையிலயும் ஹெல்மெட் இருக்காது. நாலு வயசுக்கு மேல இருக்கிற குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு 2019 மோட்டார் வாகன சட்ட திருத்தத்துலயே வந்தாச்சு, எத்தனை வீட்ல சின்ன சைஸ் ஹெல்மெட் இருக்கு? இன்னொண்ணு, கல்வி உரிமைச் சட்டத்தோட விதிகளே ஒண்ணுலேருந்து அஞ்சாவது வரைக்கும் உள்ள பசங்களுக்கு 1 கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணும்னு தான் சொல்லுது, அதாவது நடந்து போற தூரத்துல. உங்க வீடு அதுக்குள்ள தான் இருக்கு. அஞ்சு வயசுக்கு மேல உள்ள பசங்களுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 800 மீட்டர் போக வர நடந்தாலே அதுல மூணுல ஒரு பங்கு கிட்ட வந்துடும்.

இப்ப ஏன் தனியா விடக்கூடாதுன்னு சொல்றேன். புத்திசாலி குழந்தையா இருந்தாலும், சொன்ன பேச்சு கேட்கிற குழந்தையா இருந்தாலும், ஒன்பது பத்து வயசு வரைக்கும் வண்டி எவ்வளவு வேகமா வருதுன்னு கணிக்கிறது கஷ்டம், கண்ணும் மூளையும் அதுக்கு இன்னும் பழகல. லண்டன் யுனிவர்சிட்டியோட ராயல் ஹாலோவேல இதை ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல வர்ற வண்டி நெருங்கி வருதுங்கறதே பிரைமரி ஸ்கூல் வயசு பசங்களுக்கு பல நேரம் பிடிபடலன்னு சொன்னாங்க. அதனால "பார்த்துப் போ"ன்னு சொல்லி அனுப்புறதுல பிரயோஜனம் இல்ல, அவ பார்ப்பா, ஆனா பார்த்ததை வச்சு முடிவு எடுக்க தெரியாது.

அப்புறம் உயரம். ஒரு தடவை எங்க தெரு முனைல நிறுத்தியிருந்த ரெண்டு காருக்கு நடுவுல நின்னுக்கிட்டு பொண்ணுகிட்ட ரோட்டுல என்ன வருது சொல்லுன்னு கேட்டேன், எனக்கு மெயின் ரோடு திருப்பம் வரைக்கும் தெளிவா தெரியுது, அவ "கார் கதவு தான்பா தெரியுது, கைப்பிடி இருக்கு"ங்கறா. நான் முட்டி போட்டு உட்கார்ந்து அவ கண்ணு மட்டத்துல பார்த்தேன், நிஜமாவே கதவு கைப்பிடியும் சைடு கண்ணாடியும் தவிர ஒண்ணுமே தெரியல. அந்த மட்டத்துல இருந்து நம்மளால ரோடு பார்க்க முடியலன்னா வர்ற டிரைவராலயும் குழந்தைய பார்க்க முடியாது. நீங்களும் உங்க ரூட்டை அப்படி ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க, எங்கெங்க ஆபத்துன்னு யாரும் சொல்லாமலே புரியும். நின்ன வண்டிக்கு நடுவுல வேற வழியே இல்லாம கடக்கணும்னா வண்டியோட பம்பர் ஓரம் வரைக்கும் வந்து நின்னுட்டு, அங்கேருந்து எட்டிப் பார்த்துட்டு தான் அடுத்த அடி, இதை பழக்கமாவே ஆக்கணும்.

கடக்கிறதுக்கு நான் ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தேன், உங்களுக்கும் உதவும். சாதாரண ரெண்டு லேன் ரோடு சுமாரா 7 மீட்டர் அகலம், குழந்தை கடக்க ஆறேழு செகண்ட் ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும், அப்போ ஏழு செகண்டுல 100 மீட்டர் கிட்ட வந்துடும். 100 மீட்டர்னு குழந்தைகிட்ட சொன்னா என்ன புரியும், அதனால நாங்க இபி போஸ்ட்டை வச்சுக்கிட்டோம். கடக்குற இடத்துல நின்னு எத்தனாவது போஸ்ட்ல 100 மீட்டர் வருதுன்னு நான் நடந்து பார்த்துட்டேன், எங்க ரோட்டுல அது நாலாவது போஸ்ட். அந்த போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஏதாவது வண்டி இருந்தா கால் கீழ வைக்கக்கூடாது, அவ்வளவு தான் ரூல். வேகத்தை கணிக்க சொன்னா திணறுற குழந்தை போஸ்ட்டை சரியா பார்த்துடுது. நம்ம ஊர்ல வண்டி இடது பக்கமா ஓடுறதால முதல்ல நம்ம வலது பக்கத்துலேருந்து தான் வரும், அதனால வலது, இடது, மறுபடி வலது. ஆனா ராங் சைடுல வர்ற பைக்கும் ஆட்டோவும் இருக்கே, அதனால நடு ரோட்டுல போகும்போதும் ரெண்டு பக்கமும் தலையை திருப்பிக்கிட்டே போகணும். ஓடக்கூடாது, ஓடினா தடுக்கி விழுந்துடுவாங்க.

பிளாட்பாரம் இல்லாத தெருவுல (எங்க ஏரியால முக்கால்வாசி அப்படித்தான்) எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்கு தெரியுற மாதிரி ரோட்டோட வலது ஓரமா நடக்க சொல்லுங்க. எல்லாருக்கும் "கீப் லெஃப்ட்" மனசுல பதிஞ்சு போயிருக்கு, அது வண்டிக்கு. இடது ஓரமா நடந்தா முதுகுக்குப் பின்னாடி என்ன வருதுன்னே தெரியாது. குழந்தை சுவர் பக்கம், பெரியவங்க ரோட்டு பக்கம்.

ரூட் விஷயத்துல குறுக்கு வழி நல்ல வழின்னு நினைக்காதீங்க. மேடவாக்கம் ரோட்டுல மெட்ரோ வேலைக்காக தகரம் அடிச்சதுலேருந்து அங்க நடக்கவே ஓரம் கிடைக்கல, அதனால நாங்க உள் தெருவா சுத்திப் போறோம், நாலஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆனா பெரிய ரோட்டை ஒரே ஒரு இடத்துல தான் கடக்கணும், அதுவும் ஸ்பீட் பிரேக்கர் இருக்கிற இடத்துல. வழியில தண்ணி லாரி நிறைய நிக்கும், லாரி பக்கத்துல ஒட்டி நடக்கவே கூடாது, சைடு கண்ணாடில டிரைவர் முகம் உனக்கு தெரியலன்னா அவருக்கும் உன்னை தெரியலன்னு அர்த்தம்னு சொல்லி வச்சிருக்கேன். பின்னாடி வெள்ளை லைட் எரிஞ்சா ரிவர்ஸ் வருதுன்னும் சொல்லிட்டேன்.

பழக்குற முறை தான் இதுல முக்கியம், இங்க அவசரப்படாதீங்க. முதல்ல நீங்க கைய புடிச்சுக்கிட்டு கூட்டிட்டு போங்க, போகும்போது ஒவ்வொண்ணையும் வாய் விட்டு சொல்லுங்க, "இங்க நிக்கிறோம், அந்த ஆட்டோ போகட்டும், இப்ப காலி, இப்ப போலாம்"னு. கொஞ்ச நாள் கழிச்சு அப்படியே திருப்புங்க, "இன்னிக்கு நீ தான் என்னை கூட்டிட்டு போற"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு அவ சொல்றபடி நடங்க. பசங்களுக்கு இது ரொம்ப பிடிக்கும், என் பொண்ணு என் கைய இழுத்து நிறுத்தி "அப்பா போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி இருக்கு, நில்லு"ன்னு அதட்டுவா. அதுவும் சரியா வந்ததுக்கு அப்புறம் பத்தடி பின்னாடி நடங்க. கடைசியா நீங்க தெரு முனை வரைக்கும் மட்டும், அங்கேருந்து கூட போற பெரியவங்களோட அவ போகட்டும். எந்த கட்டத்துல எவ்வளவு நாள்னு கணக்கு வைக்காதீங்க, பெரிய ரோட்டுல ஒரு தடவை கூட தப்பு வராம இருக்கிற வரைக்கும் அடுத்ததுக்கு போகாதீங்க.

தினமும் யாரு கூட போறதுன்னு கேப்பீங்க. நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்கன்னா இதுக்கு ஒரே வழி நாலு வீடு சேர்றது தான். ஜப்பான்ல பல ஊர்ல பிரைமரி ஸ்கூல் பசங்க தெரு வாரியா வரிசையா சேர்ந்து தான் நடந்து போறாங்க, பெரிய கிளாஸ் பசங்க முன்னாடியும் பின்னாடியும், சின்னதுங்க தலையில மஞ்சள் தொப்பி. இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ்ங்கற ஊர்ல 1998ல "வாக்கிங் பஸ்"னு ஆரம்பிச்சாங்க, டிரைவர் மாதிரி முன்னாடி ஒரு பெரியவர், கண்டக்டர் மாதிரி பின்னாடி ஒருத்தர், நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு நடந்தே போறது. அந்த யோசனையை முதல்ல சொன்னவர் டேவிட் எங்விக்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர். இதுக்கு காசு வேணாம், பர்மிஷன் வேணாம். எங்க தெருவுல ஒரு ரிட்டையர்ட் தாத்தா திங்கள் செவ்வாய், எதிர் வீட்டு அக்கா புதன், நான் வியாழன், இப்படி ஓடுது. தாத்தா கைல ஒரு சிவப்பு துண்டு வச்சிருப்பாரு, கடக்கும்போது அதை உசத்திப் பிடிச்சா ஷேர் ஆட்டோ கூட நிக்குது. இதுல ஒரு விஷயம், யாராவது வரலன்னா முதல் நாள் ராத்திரியே வாட்ஸப்ல சொல்லிடணும், காலைல சொன்னா எல்லாம் குழம்பிடும். உங்க மாமியாருக்கு உடம்பு நல்லா இருந்தா அவங்களையே வாரத்துக்கு ஒரு நாள் கூட போக சொல்லுங்க, பயமும் போகும், தெருவுல நாலு பேரும் பழக்கமாவாங்க.

ஸ்கூல் வாசல் தனி கதை. 800 மீட்டர்ல அதிக ஆபத்தான இடம் கடைசி 50 மீட்டர் தான், அதுக்கு காரணம் நம்மள மாதிரி பெத்தவங்களோட வண்டி, கேட்டுக்கு நேரா நிறுத்தி, அங்கயே யூ டர்ன் போட்டு, எதிர்ல வர்றவங்களும் நிறுத்தி. லண்டன்ல நிறைய ஸ்கூல்ல காலைலயும் சாயந்திரமும் அந்த தெருவை வண்டிக்கு மூடியே விடுறாங்க. நம்ம ஊர்ல அது உடனே நடக்காது, ஆனா பேரன்ட்ஸ் மீட்டிங்ல நாலு பேர் சேர்ந்து கேட்டா வண்டியெல்லாம் கொஞ்சம் தள்ளி ஒரு இடத்துல நிறுத்தணும்னு ஸ்கூலே சர்க்குலர் போட வாய்ப்பு இருக்கு. ஜீப்ரா கோடு அழிஞ்சு போச்சு, கால்வாய் மூடி இல்ல, லைட் எரியல, இதெல்லாம் சென்னைனா மாநகராட்சியோட 1913க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்கிக்கோங்க, அந்த நம்பரோட கவுன்சிலர்கிட்ட போனா பேச்சே வேற.

பை கனம் பாருங்க. குழந்தையோட எடைல பத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2020 ஸ்கூல் பேக் பாலிசி சொல்லுது, 22 கிலோ குழந்தைக்கு 2.2 கிலோ தான், ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலே அதுல பாதி தின்னுடும். முன்னாடி சாய்ஞ்சு தரையை பார்த்துக்கிட்டு நடக்குற குழந்தை ரோட்டை பார்க்காது, அதனால இதுவும் பாதுகாப்பு விஷயம் தான். டைம்டேபிள் பார்த்து தினமும் பையை காலி பண்ணுங்க.

மழைக்காலத்துல குடை வேணாம், ரெயின்கோட் போடுங்க, குடை கண்ணை மறைக்கும். அதுவும் மஞ்சள் மாதிரி பளிச்னு ஒரு கலர். தேங்கின தண்ணில கால் வைக்கக்கூடாது, கீழ மூடி இல்லாத கால்வாய் இருக்கலாம், கரண்ட் பில்லர் பாக்ஸ் பக்கமோ அறுந்து கிடக்குற ஒயர் பக்கமோ போகவே கூடாது. ரோடு முழங்கால் தண்ணியா இருக்கிற அன்னிக்கு நடக்கவும் வேணாம், பைக்கும் வேணாம், லீவு போட்டுடுங்க.

நாய். ஓடக்கூடாது, கல்லெடுக்கக்கூடாது, கைய உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, அது கண்ணை நேரா பார்க்காம அசையாம நிக்கணும், அது போனதும் மெதுவா நகரணும். கடிச்சாலோ பல் பட்டு கீறினாலோ திட்டுவாங்கன்னு பயந்து மறைக்கக்கூடாதுன்னு திரும்ப திரும்ப சொல்லுங்க, பல வீட்ல பசங்க மறைச்சுடுறாங்க. சோப்பு போட்டு குழாய் தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரி, ஊசி அங்க இலவசம்.

ஆளுங்க விஷயத்துல குழந்தைய பயமுறுத்தாதீங்க, வழி சொல்லிக்கொடுங்க. வழியில இருக்கிற அண்ணாச்சி கடை, மெடிக்கல், டெய்லர் அக்கா, இந்த மூணு இடத்துலயும் பொண்ணை கூட்டிட்டு போய் "இவ என் பொண்ணு, தினமும் இந்த வழியா தான் போவா"ன்னு அறிமுகப்படுத்தி வைங்க, ஏதாவதுன்னா எந்த கடைக்குள்ள போகணும்னு அவளுக்கு தெரியணும். "அம்மா கூட்டிட்டு வர சொன்னாங்க"ன்னு யார் வந்தாலும், தெரிஞ்ச மாமாவா இருந்தாலும், வீட்டு ரகசிய வார்த்தை சொல்லாம போகக்கூடாது. உங்க ரெண்டு பேர் போன் நம்பரும் மனப்பாடமா தெரியணும், 1098ம் தெரியணும், அது குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு. நடக்குற குழந்தைக்கு போன் வாங்கிக்கொடுக்காதீங்க.

எப்ப ஆரம்பிக்கலாம்னா, ஒத்திகையை லீவு நாள்ல பண்ணாதீங்க, ஞாயித்துக்கிழமை ரோடு வேற, திங்கட்கிழமை எட்டேகால் ரோடு வேற. ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு ஸ்கூல் நாள்ல, ஸ்கூல் நேரத்துல, அவ பையோடயே நடங்க, திரும்பி வர்றப்போ எந்தெந்த வீட்டு பசங்க அதே வழியா வந்தாங்கன்னு பார்த்து வச்சுக்கோங்க, அந்த வீட்டு அம்மா அப்பாகிட்ட அன்னிக்கு சாயந்திரமே பேசிடுங்க.