கைதட்டிப் பறக்கவிட்ட உள்ளான்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு விடியற்காலையில் நண்பர்களுடன் கோடியக்கரைக்குப் போயிருந்தேன். உப்பளத்தின் ஓரத்தில் கொசு உள்ளான்கள் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவைகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. நண்பர் கைதட்டியதும் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தது அற்புதம். படமும் நன்றாக அமைந்தது. பூநாரைகள்தான் கண்ணில் படவில்லை. எந்த மாதம் வந்தால் பார்க்கலாம்? புதியவர்களுக்கு எந்த பைனாகுலர் நல்லது?

கே.

அன்புள்ள கே.,

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு உப்பளம் வரை போனவர் என்பதாலேயே உங்களைப் பிடித்துவிட்டது. பூநாரை இருக்கட்டும். இதே போன்ற படங்களைச் சில வாரங்களாகப் பார்த்து எரிச்சலில் இருந்த என்னிடம் அந்தக் கைதட்டலை அற்புதம் என்று எழுதிவிட்டீர்கள். திட்டு வாங்காமல் தப்ப முடியாது.

கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஆர்க்டிக் துந்திரத்தில், அதாவது வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற உறைநிலத்தில், குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தொலைவு வரும் அதற்கு, உடம்பில் சேர்த்த கொழுப்புதான் வழிச்செலவு. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்த, ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற நீள்மூக்குக் கரைப்பறவையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த இனம் புறப்படுமுன் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, சுமை குறைய இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கிறது. இப்படிக் கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்து வாழும் பறவைகள் உங்கள் கண்ணுக்குச் சும்மா அமர்ந்திருப்பவையாகத் தெரிகின்றன. அவை களைப்பாறுகின்றன, இழந்ததைச் சேர்க்கின்றன, சில இன்னும் இலங்கைக்குக் கடல் தாண்ட வேண்டியிருக்கலாம். வேட்டைப் பறவையான பைரி பாய்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. உங்கள் நண்பரின் படத்துக்காக அவை எதற்குச் செலவழிக்க வேண்டும்? நண்பர் ஒருவர்தானே தட்டினார் என்பீர்கள். உங்களுக்கு முன் வந்த காரும் பின்னால் வந்த காரும் அப்படித்தான் சொல்லும்.

வேதாரண்யம் உப்பளத்தில் முன்பொருமுறை, பாத்தி வரப்பில் நின்றிருந்த என்னிடம் முதிய தொழிலாளி ஒருவர், “தம்பி, அதுக மேயட்டும், செத்த உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். வெயில் ஏறுவதற்குள் உள்ளான்கள் தையல் ஊசிபோல் சேற்றைக் குத்தியபடி, பைனாகுலர் தேவையில்லாத தொலைவுக்குத் தாமாகவே வந்துவிட்டன. எழுந்து பறக்கும் கூட்டத்தில் ஓர் உள்ளானின் முகத்தைக்கூட உங்களால் பார்த்திருக்க முடியாது.

பூநாரைக்கு, மழை ஓய்ந்தபின் ஜனவரியில் போய்ப் பாருங்கள். பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது) போதும், விலை உயர்ந்தது வேண்டாம். காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நண்பரையும் அழைத்துச் செல்லலாம், கேமராவை அவரது இரு கைகளிலும் கொடுத்துவிடுங்கள்.